பதினோரு மரை

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும், என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் விடிவதற்குள் கொட்டிப் போகட்டும். அதற்குமேல் சத்தியத்துக்கு வைக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். கொல்லைப்பக்கம் போக வேண்டியவர்கள் இப்போதே போய் வந்துவிடலாம். நடுவில் எழுந்தால் துணைக்கு நான் வர மாட்டேன்.

மணி இரண்டே முக்கால். ராத்திரி இல்லை... பட்டப்பகல். பேய்க்கு ராத்திரி ஷிப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது? கல்குவாரிக்குப் போகும் சாலை. குவாரியை மூடி ஆறு வருஷம் ஆகிறது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. தார் இளகி, டயர் உருளும்போது பிளாஸ்திரியை உரிக்கிற மாதிரி சர்ர்ர் என்று சத்தம். அந்தச் சாலையில் ஒரே ஒரு வேன். வேனுக்குள் ஒரே ஒரு ஆள்... அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் என் சிநேகிதனுக்குச் சகலை. பழைய வண்டிகளுக்கு மெக்கானிக். எந்த நட்டை இறுக்கினாலும் "இன்னும் ஒரு அரைச்சுத்து" என்று சொல்லி மறுபடி இறுக்குவான். அதனால் பேரே அரைச்சுற்று ஆகிவிட்டது. வீட்டுத் தண்ணீர்க் குழாயைக்கூட விட்டுவைக்க மாட்டான். அவன் சம்சாரம் குறடு வைத்துத்தான் குழாயைத் திறப்பாள். மரை கழன்ற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், மரை அதிகமாக இறுகிய ஆள் என் சகலை ஒருவன்தான் என்பான் என் சிநேகிதன். ஏன் இந்த அரைச்சுற்று என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

அன்று காலை எட்டு மணிக்கு அந்த வேன் வந்தது. அறுபது வருஷத்துப் பழசு. உருண்டை மூக்கு, தவளைக் கண் விளக்கு, புதிதாக அடித்த பச்சைப் பெயிண்ட். கொண்டுவந்தவள் பூந்தொட்டி விற்கிறவள். ஏலத்தில் எடுத்தாளாம்.

"ஸ்டீரிங் பாக்ஸ் ஒழுகுது. தினமும் வாசல்ல ஒரு கரண்டி எண்ணெய். என் பெரியவ அதுல வழுக்கி விழுந்து மூணு நாளா என்னைத்தான் திட்டறா."

"சீல் போயிருக்கும்மா. மத்தியானத்துக்குள்ள மாத்திடறேன்."

"நாலு மணிக்கு வருவேன். ரெண்டு பொண்ணுங்களையும் ஏத்திக்கிட்டு மலைய இறங்கணும். பாத்துச் செய்ங்க."

"நான் ஓட்டிப் பாக்காம எந்த வண்டியும் இங்கேயிருந்து போகாது."

சொல்லிவிட்டு வேனுக்கு அடியில் படுத்தான். ஸ்டீரிங் பாக்ஸ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டீரிங் கம்பி கீழே இறங்கி ஒரு இரும்புப் பெட்டிக்குள் நுழையும். பெட்டி நிறைய எண்ணெய். பெட்டிக்கு வெளியே ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டில் முக்கால் முழத்துக்கு ஒரு இரும்புக் கை. சக்கரங்களை இழுத்துத் திருப்புவது அந்தக் கைதான். அது விழாமல் இருக்க ஒரு பெரிய நட். நட் போனால் கை போகும். கை போனால்... ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடலாம், அவ்வளவுதான்.

பழைய துணியால் அழுக்கைத் துடைத்தான். அந்த எண்ணெய்க்கு ஒரு நாற்றம் உண்டு, அழுகிய முட்டையும் எரிந்த தலைமுடியும் சேர்ந்த மாதிரி. துடைத்த இடத்தில் சட்டத்தில் ஒரு பழைய வெல்டிங் தெரிந்தது. கோழி கிளறிய மாதிரி கோணல்மாணலாக. அரைச்சுற்றின் கை அப்படியே நின்றுவிட்டது.

தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா? அது அவன் வெல்டிங் பழகிய காலத்தில் வைத்தது.

துணியை நட்டுக்கு நகர்த்தினான். நட்டின் தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு. தொட்டுப் பார்த்தான். விரலில் வெள்ளை ஒட்டியது... ஈரம்.

இங்கே பன்னிரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும். வேறு ஊர், வேறு பட்டறை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முக்கியமான நட்டை இறுக்கி முடித்ததும் அதன் தலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது. அதற்குப்பிறகு யாரும் நட்டைப் பார்க்க மாட்டார்கள், பொட்டைத்தான் பார்ப்பார்கள். ஒரு நாள் அவன் இதே வேனுக்குக் கீழே படுத்திருந்தான். நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றி வைத்தான். பெயிண்ட் பிரஷ் பக்கத்திலேயே கிடந்தது. எப்படியும் இறுக்கத்தானே போகிறோம் என்று முதலில் பொட்டை வைத்துவிட்டு, ஸ்பேனர் எடுக்க வெளியே வந்தான். சாப்பாடு வந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்து குனிந்து பார்த்தான். பொட்டு இருந்தது.

"முடிஞ்சுதுண்ணே, எடுத்துட்டுப் போங்க" என்றான்.

"கை ராசியான ஆளுய்யா நீ" என்று முதுகில் தட்டிவிட்டு டிரைவர் ஏறினார்.

அரை மணி நேரத்தில் சேதி வந்தது. பாலத்துச் சுவரில் வேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். அந்தக் காலத்து வேன்களில் நேராக மோதினால் ஸ்டீரிங் கம்பி ஈட்டி மாதிரி பின்னால் பாயும். பாய்ந்திருந்தது. டிரைவர் சீட்டின் முதுகில் ஒரு சாண் இறங்கியிருந்தது. சீட்டெல்லாம் சிவப்பு. ஒரு தீக்குச்சி எரிகிற நேரம் பார்த்தான். கூட்டத்துக்குள் போகவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. சைக்கிளைத் திருப்பினான். மறுநாள் அந்த ஊரில் அவன் இல்லை. பிறகு இந்த ஊர், கல்யாணம், சொந்தப் பட்டறை. சம்சாரத்திடம்கூட மூச்சு விடவில்லை. அந்த டிரைவரின் சாவு அவன் ஒருவனுக்குள் மட்டும் பத்திரமாக இருந்தது.

இப்போது வேன் அவன் பட்டறைக்கே வந்திருக்கிறது.

ஓடியிருக்கலாம். ஓடிப் பழகின ஆள்தான். ஆனால் நாலு மணிக்கு இரண்டு பெண்பிள்ளைகள் இதில் ஏறும். பொட்டைத் துடைத்தான். நட்டைக் கழற்றினான், மரையை எண்ணினான். பதினோரு மரை. இரும்புக் கையைப் புல்லர் வைத்து இழுக்க, அது டங்க் என்று தரையில் விழுந்தது. தேய்ந்த தண்டைப் பாலிஷ் போட்டு, புது சீல் ஏற்றி, கையை மாட்டி, நட்டை விரலால் ஏற்றி வைத்து, கால் லிட்டர் எண்ணெய் ஊற்றினான். ஒழுகுகிறதா என்று பார்க்க மேலே ஒரு ஆள் ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும். சம்சாரத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"இடது பக்கம் ஒடி" என்றான் கீழே இருந்து.

"உங்க இடதா, என் இடதா?"

"வண்டிக்கு ஏதுடி ரெண்டு இடது? சீட்டுல உக்காந்தவளுக்கு எது இடதோ அது!"

"நீங்க மல்லாக்கப் படுத்துக்கிட்டு என்னைத் திட்டாதீங்க."

இடது. அவன் மூக்குக்கு நாலு விரல் உயரத்தில் இரும்புக் கை நகர்ந்தது. வலது. நகர்ந்தது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. இன்னொரு தடவை இடது... வலது...

"போதும்."

கை நிற்கவில்லை. இடது. வலது. இடது வலது இடது வலது.

"ஏய், போதும்னு சொல்றேன்ல!"

கை எல்லைவரை போய் ஒரு கணம் நின்றது. பிறகு வந்தது பாருங்கள்... பளாரென்று வாயில். முன்பல் இரண்டு தொண்டைக்குள் போயின. உதடு மூக்குவரை கிழிந்து தொங்கியது. ரத்தத்தை விழுங்கிக்கொண்டே அவன் வெளியே உருண்டபோது, வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏங்க, டீக்குச் சர்க்கரை ஒண்ணா ரெண்டா? திருப்பிக் காட்டிட்டு அப்பவே உள்ள வந்துட்டேன், அதுலேருந்து கேக்கறேன்..."

டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. ஸ்டீரிங் மட்டும் மெதுவாக ஆடி நின்றது.

சம்சாரம் ஓடிவந்து அலறினாள். "ஸ்பேனர் நழுவிடுச்சு" என்றான். பொய் சொல்லப் பல் தேவையில்லை. வாயில் துணியை அடைத்துக்கொண்டு மறுபடி கீழே போனான். நட்டில் ஸ்பேனரைப் போட்டு, ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, இரண்டு காலையும் அச்சில் உதைத்து இறுக்கினான். குழாய் வளைந்தது. இன்னும் ஒரு அரைச்சுற்று. நட் கழலாமல் பிடிக்கிற பூட்டு வாஷரை மடித்து அடித்தான். பொட்டு மட்டும் வைக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க!"

"ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

மணி இரண்டே முக்கால். குவாரிச் சாலை. மூச்சு விடுங்கள், நானும் விடுகிறேன்.

முதல் மைல் வெண்ணெய் மாதிரி போனது. இடது கேட்டால் இடது, வலது கேட்டால் வலது. இரண்டாவது மைலில் அந்த நாற்றம்... அழுகிய முட்டை, எரிந்த முடி. ஸ்டீரிங் கையில் வழுக்கியது. பார்த்தான். வட்டம் முழுக்க எண்ணெய் கசிந்திருந்தது. பிடிக்கிற இடத்தில் வேறு யாரோ ஏற்கெனவே பிடித்திருந்த மாதிரி பத்து விரல் தடம்.

அப்புறம் காலடியில்...

டிங்.

பூட்டு வாஷரை உளியால் நிமிர்த்துகிற சத்தம். பதினைந்து வருஷத் தொழில், அவனுக்கா தெரியாது? வண்டி நாற்பது மைல் வேகத்தில் போகிறது. கீழே தார்ச்சாலைதான் ஓடுகிறது.

கர்ர்ர்ர்... க்.

ராட்செட் ஸ்பேனர், சத்தத்துக்கு ஒரு மரை கழல்கிறது. ஒன்று.

கர்ர்ர்ர்... க். இரண்டு.

பிரேக்கை மிதித்தான். மிதி இறங்கவில்லை. குனிந்து பார்த்தான். தரைத் தகட்டு ஓட்டை வழியாக நாலு விரல் மேலே வந்து மிதியைத் தாங்கிப் பிடித்திருந்தது. செருப்புக் காலால் அந்த விரல்களை ஓங்கி மிதித்தான். விரல்கள் மிதியை விட்டன. விட்டு, அவன் கணுக்காலைப் பிடித்தன. முறுக்கின. எலும்பு விறகு மாதிரி முறிந்தது... அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அவன் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஐந்து. ஆறு.

ஸ்டீரிங் திடீரென்று சுழன்றது. வட்டத்தின் குறுக்குக் கம்பி அவன் வலது கட்டைவிரலில் மாட்டி, அதைப் புறங்கையோடு மடக்கிப் போட்டது. இடதுகையால் பிடித்தான். அதுவும் போயிற்று. முழங்கையால் வட்டத்தைக் கட்டிக்கொண்டான். அது தாடையில் அறைந்தது. எட்டு. ஒன்பது. எதிரே குவாரியின் எடைமேடைச் சுவர் தெரிந்தது.

"நான்தாண்ணே!" என்று கத்தினான். முன்பல் இல்லாததால் பாதி காற்றுதான் வந்தது. "பொட்டு வெச்சது நான்தான்! இறுக்கல! இறுக்காமலே பொட்டு வெச்சுட்டேன்!"

கர்ர்ர்ர்... க். பத்து.

நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. டயர் சர்ர்ர் என்று உரிவது மட்டும். கணுக்காலைப் பிடித்த விரல்கள்கூடத் தளர்ந்தன. மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று அவன் அழ ஆரம்பித்தான். பன்னிரண்டு வருஷம் கழித்து முதல் தடவையாக, நிம்மதியாக... வாய் விட்டு...

கர்ர்ர்ர்... க்.

பிறகு ஸ்டீரிங் எத்தனை சுற்று சுற்றினாலும் வேன் கண்டுகொள்ளவில்லை. மோதுவதற்கு ஒரு நொடி முன்னால் அவனுடைய முறிந்த கால் அவனைப் பக்கத்து இருக்கைப் பக்கம் சரித்தது. அதுதான் பிழைப்பு. ஈட்டி நெஞ்சுக்கு வரவில்லை. காதையும் தோள் எலும்பையும் எடுத்துக்கொண்டு சீட்டில் இறங்கியது.

நாலு மணிக்குத் தொட்டிக்காரி தேடிக்கொண்டு வந்துதான் அவனைக் கண்டாள். நட் இரண்டு பர்லாங் பின்னால் கிடந்தது. நடுச்சாலையில், சுத்தமாகத் துடைத்து, எடுத்து வைத்த மாதிரி. தொட்டால் சுட்டது. ஒன்று சொல்ல வேண்டும், சீல் வேலை மட்டும் முதல் தரம். அவ்வளவு நசுங்கியும் ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் சம்சாரத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். என் சிநேகிதனும் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அழவில்லை.

"அந்த மனுஷன் வீட்டுல யாரு இருக்கா, எப்படிப் பொழைக்கறாங்கன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

அவன் தலையசைத்தான். இல்லை என்று.

"பன்னெண்டு வருஷம்! வீட்டுக் குழாயை இறுக்கத் தெரிஞ்சுது, ஒரு வார்த்தை கேக்கத் தெரியல. மாமா, கிளம்புங்க. அந்தம்மா கால்ல நானே போய் விழறேன்."

சிநேகிதனும் அவளும் இரண்டு பஸ் மாறி அந்த ஊருக்குப் போனார்கள். பழைய பட்டறையில் விசாரித்து, தெருவைக் கண்டுபிடித்து, வீட்டு வாசலில் நின்றார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தது அந்த டிரைவர்தான். மோதும்போது பக்கத்து சீட்டில் சரிந்து தப்பித்தவராம்; அன்று சீட்டைச் சிவப்பாக்கிய மோவாயில் மூன்று தையல் போட்ட தழும்பு, மற்றபடி ஆள் சௌக்கியம்.