பார்வைக்கு வைக்கும் வாள்

வாள் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் பார்ப்பது உறையைத்தான். அதில் தப்பில்லை. வீட்டில் தாங்கியில் வைத்து அழகு பார்க்கிறவருக்கு அரக்கின் பளபளப்பும் வாளின் விளிம்பில் அலையடிக்கும் கோடும் போதும். வெட்டிப் பழகுகிறவருக்கு அது போதாது. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் வால் இரும்பு முழுசாக இருக்க வேண்டும். நனைத்துச் சுருட்டிய பாயை வெட்டும்போது அதிர்வெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். வாளுக்குப் பேர்போன இந்தச் செக்கி ஊரில் என் கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லித்தான் விற்பேன், ஐயா.

குகிமியா மாஸ்டரிடம் நானும் வெட்டுப் பயிற்சி பெற்றவன். போன இலையுதிர்காலத்தில் அவர் என்னிடம் வாங்கிய நல்ல வாளைக் கோணலாக வீசி வளைத்துவிட்டார். பிசகியது அவருடைய மணிக்கட்டு. ஆனால் பயிற்சிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் மண்டியிட்டது நான்.

“தகரத்த வித்துட்டு நிமிந்து வேற பாக்குறியா, ஒரிட்டோ? நெத்தி தரையில படட்டும்.”

பட்டது. பின்னால் சிரிப்புச் சத்தம். அங்கே பயிலும் கனாயே என்ற கல்லூரிப் பெண்ணின் குரல் போலிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கச் சோறு தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான். தூக்கத்தில் பல்லைக் கடித்ததில் கடைவாய்ப்பல் ஒன்று உடைந்தது.

வசந்தத்தில் அவரே கடைக்கு வந்தார்.

“கோயில் திருவிழாவுல வெட்டிக் காட்டணும். பாக்குறவன் வாயப் பொளக்கணும். இந்தத் தடவையாவது உருப்படியா ஒண்ண எடுத்துக் குடு.”

என்னிடம் ஒரு பழைய வாள் இருந்தது. அத்தனை அழகு. எப்போதோ அதன் வால் முறிந்து, யாரோ ஒட்டவைத்திருந்தார்கள். ‘பார்வைக்கு மட்டும்’ என்று நானே எழுதிக் கட்டியிருந்த அட்டையை அவிழ்த்துவிட்டு எடுத்து நீட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கைப்பிடியக் கழட்டிக் காட்டட்டுமா மாஸ்டர்?”

“எனக்கே பாடம் எடுக்குறியா? உறையில போடு.”

கேட்டேன், ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கடைக்காரன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

திருவிழாவன்று முதல் பாய்ச்சுருள் வெண்ணெய் போல அறுந்து விழுந்தது. கோயில் முற்றமே கைதட்டியது. அடுத்த வீச்சில் சுள்ளி முறிவது போல ஒரு சின்னச் சத்தம். கைப்பிடி அவர் கையில் இருந்தது, வாள் இல்லை. மாணவர்கள் உட்கார்ந்திருந்த முன்வரிசையில் கனாயே தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவர் மடியில் மெல்லச் சாய்ந்தாள். குகிமியா மாஸ்டர் மண்டியிட்டார், யாரும் சொல்லாமலே.

அவர் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஒருவருக்கும் காயம் படக்கூடாது என்பதுதான் என் எண்ணம். அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் என்ன பகை? அன்று பின்வரிசையில் நின்றவளைக் கூப்பிட்டு, வெயில் கண் கூசுகிறது என்று சொல்லி, முன்வரிசையில் என் இடத்தை அவளுக்குக் கொடுத்ததே நான்தான்.