ஒன்பது மணிப் பதிவு

எழுத்தாளர்கள் இந்தச் சமூக வலைத்தளங்களில் இருக்கலாமா கூடாதா என்று நீங்கள் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டீர்கள். டீ வருகிற வரைக்கும் என் வாயைக் கிளற ஏதாவது வேண்டும், அதனால் கேட்டீர்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, உங்கள் வேலை அது. ஆனால் ஏழு வருடமாக நான் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியும் அதுதான். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

என் அண்ணன் கூடாது என்கிற கட்சி. பன்னிரண்டு நாவல் எழுதியவர். கோடு போட்ட தாளில், ஊதா மையில், கோழி கிளறியது போன்ற கையெழுத்தில் எழுதுவார். அதைப் படிக்க உலகத்தில் இரண்டு பேரால்தான் முடியும், அவரும் நானும். சில இடங்களில் அவராலும் முடியாது, என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். இருபத்தெட்டு வருடம் அவருக்குத் தட்டச்சு செய்தேன். அண்ணி போன பிறகு அந்த மூன்றாவது மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது, இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். வலைத்தளம் என்று பேச்சை எடுத்தால் ஒரே பதில்தான். எழுதுகிறவன் எழுத வேண்டும், கடை வாசலில் நின்று போகிறவர் வருகிறவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பார்.

பதிப்பாளர் எதிர்க்கட்சி. வேறு ஊரில் இருக்கிறவர், எல்லாம் போனில்தான். ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் புலம்புவார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே யாருக்கும் தெரியவில்லை அக்கா, ஒரு பக்கம் தொடங்கி நாலு வரி போடச் சொல்லுங்கள் என்பார். நான் போய் அண்ணனிடம் சொல்வேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எழுத்தாளர் அந்தக் கூட்டத்துக்குள் போனால் கெட்டுப்போவார், போகாவிட்டால் மறந்துபோவார்கள். அப்படியானால் எழுத்தாளருக்குப் பதிலாக வேறு ஒருவர் போவதுதானே சரி. இதை நான் அப்போதும் நிதானமாகத்தான் யோசித்தேன். அவர் பேரில் ஒரு பக்கம் தொடங்கினேன். அவரிடம் சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறவரைத் தொந்தரவு செய்வானேன் என்றுதான் சொல்லவில்லை.

முதலில் அவருடைய நாவல்களிலிருந்தே வரிகளை எடுத்துப் போட்டேன். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. குறை சொல்வதாக நினைக்காதீர்கள், அவர் வாக்கியங்கள் நீளம். லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் படித்து முடிக்க முடியாது. ஒரு நாள் வேறு எதுவும் கைவசம் இல்லாமல் நானே இரண்டு வரி எழுதினேன். எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர்கள் பெல்லை அடிக்காமல் கதவை மெல்லத் தட்டுகிறார்கள், உள்ளே யாரோ தூங்கிக்கொண்டிருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினேன். மத்தியானத்துக்குள் இரண்டாயிரம் பேருக்குப் பிடித்துவிட்டது. அன்றோடு அண்ணனின் வரிகளைப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

என் பேரில் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதினேனே. அதற்கு முன்னால் இரண்டு வருடம் என் பேரிலும் ஒரு பக்கம் வைத்திருந்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். அதில் ஒன்று பல் மருத்துவமனை. அண்ணன் பேரில் அறுபத்தோராயிரம் பேர். எழுதிய கை ஒன்றுதான், ஆனால் பேர் வேறு. அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் காலையில் எழுந்ததும் அத்தனை பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்கிற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நான் அதுவரை எதற்காகவும் யாரையும் காக்க வைத்ததில்லை.

இதில் என் வேலைமுறையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. தினமும் உட்கார்ந்து எழுத எனக்கு ஒழியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே மூச்சில் ஏழு பதிவு எழுதிவிடுவேன். வாரம் முழுக்க நாளுக்கொன்றாகக் காலை ஒன்பது மணிக்கு வரும்படி நேரம் குறித்து வைத்துவிடுவேன். பிறகு நான் தூங்கினாலும் துணி துவைத்தாலும் அது பாட்டுக்கு வரும்.

போன மாதம் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. நுரையீரல் ஏற்கனவே பழுது. மருத்துவமனையில் சேர்த்த ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். புதன்கிழமையைத் தாண்ட மாட்டார், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். சொந்தக்காரர்கள் என்று யாரும் இல்லை. அறுபத்தோராயிரம் பேர்தான் இருந்தார்கள். அந்த வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து அந்த வாரத்தின் பதிவுகளை எழுதினேன். திங்கள், செவ்வாய், புதனுக்கு வழக்கமானவை. வியாழனுக்கு மரண அறிவிப்பு. இறுதிக் காரியங்கள் அவர் விருப்பப்படி வீட்டளவில் முடிந்துவிட்டன, யாரும் நேரில் வரவேண்டாம் என்று அதிலேயே சேர்த்தேன். அழுதுகொண்டேதான் எழுதினேன், பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார். என் வாழ்நாளில் நான் எழுதியதில் அதுதான் நல்ல பதிவு. வியாழன் ஒன்பது மணிக்கு நேரம் குறித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் அண்ணன் கண்ணைத் திறந்து மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டார். டாக்டரே ஆடிப்போய்விட்டார். சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். அந்தக் கலவரத்தில் வியாழன் பதிவை எடுக்க எனக்கு மறந்துவிட்டது.

உங்கள் கையில் இருக்கும் தாளைப் பார்த்தேன். புதன் சாயந்திரம் நாலு பத்துக்கு அந்தப் பதிவில் ஒரு திருத்தம் நடந்திருக்கிறது என்று அதில் இருக்கிறது. ஆமாம். படத்தை மாற்றினேன். பழைய படத்தில் சட்டைக் காலர் மடங்கியிருந்தது. அத்தனை பேர் பார்க்கப் போகிற படம், அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. அதனால் மறந்துவிட்டது என்று சொன்னதை வேண்டுமானால் அடித்துவிடுங்கள்.

வியாழன் காலை அது வெளியானது. நாலாயிரத்துக்கு மேல் அஞ்சலிகள். அவர் நாவல் எதையும் புரட்டியே பார்க்காதவர்கள்கூட அழுதிருந்தார்கள். அவர்கள் எடுத்துப் போட்டு அழுத வரிகள் எல்லாம் என் வரிகள். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டியதை மட்டும் நூறு பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள். என் சாவுக்கு யாராவது அழுவார்களா என்று நான் நினைத்ததுண்டு. அழுவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. பதிப்பாளர் போனில் விம்மினார், பிறகு எல்லா நாவல்களையும் ஒரே தொகுதியாகப் போட்டுவிடலாம் அக்கா என்றார். சரி என்றேன்.

சனிக்கிழமை அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பிராணவாயு இயந்திரம், மூக்கில் குழாய். அது இல்லாமல் பத்து நிமிஷம் தாங்காது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். சத்தம் போட்டுக் கூப்பிடக் குரல் வராது, ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரில் கரண்டியால் தட்டுவார். நான் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டேன். இதை வீட்டுக்கு ஊசி போட வந்த நர்ஸும் சொல்வார்.

அந்த நர்ஸால்தான் எல்லாம் வந்தது. பாவம், வெள்ளந்தியான பெண். புதன்கிழமை காலை ஊசி போட வந்தவர் மருந்துச் சீட்டில் அண்ணன் பேரைப் பார்த்துவிட்டு, உங்கள் பேரிலேயே ஒரு எழுத்தாளர் இருந்தார் ஐயா, போன வாரம் தவறிவிட்டார், எங்கள் வீட்டில் அவர் பதிவைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவோம் என்று தன் போனை எடுத்துக் காட்டினார். காலர் சரியாக இருக்கிற படம், இருபது வருடத்துக்கு முன்னால் எடுத்தது, மூக்கில் குழாயோடு கிடக்கிறவரை அதை வைத்து அடையாளம் காண முடியாது. அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் போன பிறகு என் போனை வாங்கி, ஏழு வருடப் பதிவுகளையும் கீழே தள்ளித் தள்ளிப் படித்தார். சாப்பாட்டைக்கூட வேண்டாம் என்றுவிட்டார். நான் வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தேன், சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட மதிப்பெண்ணைக் காட்டிவிட்டு நிற்பது போல.

"நல்லாத்தான் எழுதியிருக்க பாப்பா" என்றார். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

இருபத்தெட்டு வருடத்தில் என் எழுத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் கேட்டதே இல்லை, நானும் காட்டியதே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதோடு அவர் நிறுத்தியிருந்தால் நாம் இரண்டு பேரும் இன்றைக்கு இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

"நாளைக்கு உண்மையை எழுதிடு" என்றார். "நான் சாகல, இதுல ஒரு வரிகூட என்னுது இல்ல, எல்லாம் என் தங்கச்சி எழுதினதுன்னு எழுது. உன் பேரைப் போட்டு எழுது."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அவருக்கு அந்த உலகம் தெரியாது. என் பேரைப் போட்டால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதிலும் அழுதவர்களிடம் போய், நீங்கள் அழுத ஆள் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? சாவைச் சொல்லி ஏமாற்றினவள் என்று காறித் துப்புவார்கள். நான் யோசிக்கிறேன் அண்ணா என்றேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

வியாழன் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மறுபடி கேட்டார்.

"எழுதிட்டியா?"

என் போனில் அப்போது சார்ஜ் ரொம்பக் குறைவாக இருந்தது. அஞ்சலிகளில் நூற்றுப் பன்னிரண்டுக்கு இன்னும் நன்றி சொல்லாமல் பாக்கி. ஒரு வாரமாகியும் பதில் போடாமல் இருப்பது மரியாதையில்லை. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட்தான் இருக்கிறது. அதில் இயந்திரம் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு என் சார்ஜரைச் செருகினேன்.

கூடத்தில் இரண்டு பாயின்ட் காலியாக இருந்ததே என்கிறீர்கள். இருந்தது. சமையலறையிலும் ஒன்று இருக்கிறது.

இயந்திரம் கீச்சென்று கத்தியது. அதற்கு ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் நின்றுவிடும். அழுத்தினேன். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதுவது எனக்குப் பிடிக்காது, பேரைச் சொல்லித் தனித்தனியாக எழுதினேன். அண்ணன் டம்ளரில் தட்டினார். கொஞ்சம் வேகமாகவே தட்டினார். அவர் கேட்கட்டும் என்று சில அஞ்சலிகளைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று உயிரோடு இருக்கும்போதே கேட்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது தட்டுவது நின்றது. நான் தொடர்ந்து எழுதி முடித்தேன். இரண்டு இருபதிலிருந்து மூன்று ஐம்பது வரைக்கும் இயந்திரம் ஓடவில்லை என்று அதுவே குறித்து வைத்திருக்கிறதாமே, அது சரியான கணக்குதான். பிறகு என் சார்ஜரை எடுத்துவிட்டு அதன் வயரைப் பழையபடி செருகினேன், கரண்டியைக் கழுவி வைத்தேன், டாக்டருக்குப் போன் செய்தேன்.

டாக்டர் எதுவும் சந்தேகப்படவில்லை. எதிர்பார்த்ததுதானே என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை இரண்டு பேரை வைத்துக்கொண்டு காரியத்தை முடித்தேன். பதிவில் சொன்னபடியே வீட்டளவில்தான். அன்றைக்கே இறப்பைப் பதிவு செய்யப் போன இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அங்கே இருந்த எழுத்தர் நம் வாசகர். தொழிலும் பேரும் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. பிறகு டாக்டர் சீட்டைப் படித்தார். தேதியைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் அம்மா, ஐயா போன வாரம் வியாழக்கிழமையே தவறிவிட்டாரே, நான்கூட அன்றைக்கே அஞ்சலி எழுதினேனே என்றார். நன்றி, உங்களுக்கு நேற்றுத்தான் பதில் போட்டேன் என்றேன். டாக்டரிடம் கேட்டு நானே சரிசெய்து தருகிறேன் என்று நல்ல எண்ணத்தில் போனை எடுத்தார். சாவதற்கு ஒரு வாரம் முன்பே மரண அறிவிப்பு வந்தது என்று கேட்டதும் டாக்டர் உங்களுக்குப் போன் செய்துவிட்டார்.

இவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கியது நான். அவர் சாகும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். கொன்றாள் என்று எழுதிக்கொள்வதானாலும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் வாசகர்களை ஏமாற்றினாள் என்று அந்தத் தாளில் ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த அறுபத்தோராயிரம் பேரிடமும் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. ஒரு வாரம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.