‘கொள்ளை’ என்று எழுதிய கைக்கு மூன்றாம் அறையின் மடல்

சொற்களின் சேனாதிபதியே! சுருக்கெழுத்தும் சோர்ந்துபோகும் வேகத்தில் சொற்பொழிவு சமைத்த சூரரே! மேடைதோறும் மந்திரிகளை முழங்க வைத்து, மேசைக்குப் பின்னால் மௌனமாய் முறுவலித்த மோனையாரே! வணிகத் துறையின் உரை எழுதும் பிரிவில் முப்பத்தோராண்டுகள் உழைத்து, இன்று மாலை ஐந்தரை மணியோடு ஓய்வு பெறும் எங்கள் மூத்த உரை எழுத்தரே, தங்களுக்கு வணக்கம்.

இத்தோடு அலங்காரம் முடிந்தது. மடல் எழுதப் போகிறோம் என்று காதில் விழுந்ததும் போன வாரம் எங்கள் பக்கம் வந்து நின்று, "எழுதுறதுன்னா எழுதுங்க. மோனை மட்டும் வேண்டாம். அதைக் கேட்டாலே இப்பல்லாம் காதைப் பொத்திக்கலாம்னு இருக்கு" என்றீர்கள். பாராட்டு மடலில் மோனை வேண்டாம் என்பது கல்யாணத்தில் மாப்பிள்ளை வேண்டாம் என்பதுபோலத்தான். ஆனாலும் கேட்டது நீங்கள். மேலே உள்ள வரிகள் கண்ணாடிச் சட்டம் போடுகிறவர் ஏமாந்துபோகக் கூடாதே என்பதற்காக. இனி ‘தாங்கள்’ இல்லை, ‘நீங்கள்’தான். இந்த ஒரு மாதத்தில் விழுந்த அடிக்குப் பிறகு அலங்காரம் செய்ய எங்களுக்கும் தெம்பில்லை.

ஆறு மந்திரிகளுக்கு எழுதினீர்கள். அவர்களில் ஒருவருக்கு ழகரம் வாயில் நுழையாது. அந்த எழுத்தே வராமல் அவருக்கு நாற்பது பக்க உரை எழுதிக் கொடுத்தீர்கள். இன்னொருவருக்கு மூச்சு வாங்கும். அவருக்கு ஏழு சொல்லைத் தாண்டி வாக்கியமே கிடையாது. பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, வரிக்கு வரி மேசையில் விரலால் தட்டிப் படித்துப் பார்ப்பீர்கள். கூட்டம் எங்கே கைதட்டும் என்று தோன்றுகிறதோ அங்கே ஓரத்தில் ‘கை’ என்று எழுதி வட்டம் போடுவீர்கள். அந்த வட்டம் பொய்த்ததாக எங்களுக்கு நினைவில்லை. ஒருமுறை மழையில் ஆளே வராத கூட்டத்தில், ஒலிபெருக்கிக்காரர் மட்டும் சரியாக அந்த இடத்தில் தட்டினாராம்.

உங்களுக்கு எதிர் மேசையில் பத்தொன்பது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். அறையில் அவருக்கு அகராதி அம்மா என்று பெயர். நீங்கள் எழுதுவதை வெளிநாட்டார் படிப்பதற்காக ஆங்கிலத்தில் பெயர்ப்பது அவர் வேலை. உங்கள் இருவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. "சத்தம் உங்களுக்கு, அர்த்தம் எனக்கு. பாதி வேலையைப் பாத்துட்டு முழுப் பேரையும் நீங்க வாங்கிட்டுப் போறீங்க சார்" என்பார். நீங்கள் சிரித்துக்கொண்டே அவருக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றுவீர்கள்.

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு உரைகள் வந்து சேர்ந்தன. வியாழக்கிழமை ஒரு வெளிநாட்டு ஆன்லைன் கடை நிறுவனத்தோடு ஒப்பந்தம். ரயில் பாதையை ஒட்டிப் பூட்டிக்கிடக்கும் நூற்பாலை வளாகத்தில் அவர்கள் பெரிய கிடங்கு கட்டுவார்கள். ஆயிரத்து நூறு பேருக்கு வேலை. அதற்கு மந்திரியின் வரவேற்புரையைத் திங்கட்கிழமையே எழுதி முடித்து, நிறுவனத்துக்கு முன்கூட்டியே ஒரு பிரதியும் அனுப்பினோம். "வருக, வளம் தருக, வேரூன்றுக" என்று தொடங்கும். செவ்வாய்க்கிழமை அதே மந்திரி சில்லறை வணிகர் மாநாட்டில் பேச வேண்டும். அடக்க விலைக்கும் கீழே விற்றுத் தங்கள் கடைகளைக் காலி செய்கிறார்கள் என்று வணிகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அந்தக் கொதிப்பில் நியாயம் உண்டு. அவர்களுக்கும் அதே பென்சிலால் எழுதினீர்கள். அதில் ஒரு வரி: "நமக்கு இருப்பது கொள்கை, இணையத்தில் கடை விரிக்க வருகிறவனுக்கு இருப்பது கொள்ளை." பக்கத்தில் வட்டத்துக்குள் ‘கை’.

அகராதி அம்மா அந்த வரியில் நின்றார். "சார், கொள்ளைன்னா நான் கொள்ளைன்னேதான் பெயர்க்கணும். வெளிய போனா ரொம்பக் கனமா விழும். லாபவெறின்னு மாத்திக்கலாமா?"

"லாபவெறிக்கு யாரும்மா கைதட்டுவா? இதுல மோனையும் இருக்கு, எதுகையும் இருக்கு. மேடைப் பேச்சு மேடையோட போயிடும், விடுங்க."

அவர் விட்டுவிட்டார். மறைப்பானேன், நாங்களும்தான் விட்டுவிட்டோம். அன்று தொலைக்காட்சியில் மந்திரி அந்த வரியைச் சொன்னபோது கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. இந்த அறையிலும் தட்டினோம்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்த நிறுவனத்தின் பிரதிநிதி நேரே நம் அறைக்கே வந்துவிட்டார். இரண்டு ஆண்டுகளாக இந்தக் கட்டடத்தில் ஏறி இறங்கி, எந்த லிஃப்ட் எப்போது நடுவில் நிற்கும் என்பதுவரை தெரிந்துவைத்திருந்த பெண்மணி. கையில் அந்த உரையின் மொழிபெயர்ப்பு. அதில் ஒரே ஒரு சொல்லுக்கு அடியில் கோடு. கோபப்பட்டிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்போம். அவர் மெதுவாகக் கேட்டார்; அகராதி அம்மா அதை நமக்குச் சொன்னார்: "நாளைக்கு மந்திரி எந்த உரையோட வருவார்னு கேக்குறாங்க. திங்கட்கிழமை எழுதினதா, செவ்வாய்க்கிழமை பேசினதான்னு கேக்குறாங்க சார்."

வியாழக்கிழமை மேசைக்கு விரிப்பு விரித்து, இரண்டு பேனா வைத்து, மதியம்வரை காத்திருந்தோம். அவர்கள் வரவில்லை. வாரம் முடிவதற்குள் குளிர்பதனக் கிடங்கு கட்டவிருந்த இன்னொரு நிறுவனம் தேதியைத் தள்ளிப்போட்டது. ஆன்லைன் கடையோடு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத, பேருந்து உதிரிபாகம் செய்கிறவர்கள்கூட, "அடுத்து யார் முறை?" என்று ஒற்றை வரியில் கேட்டு எழுதினார்கள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டம் மாறவில்லை. வரி ஏறவில்லை. அரசாணையில் ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. ஒரே ஒரு சொல்லுக்கு இவ்வளவும் நடக்கும் என்று, சொல்லை வைத்தே பிழைக்கும் நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

பிறகு வந்த அடி அதைவிடப் பெரிது. மந்திரி அப்படிப் பேசவே இல்லை, நேர்ந்தது மொழிபெயர்ப்புப் பிழை என்று மேலிடத்திலிருந்து அறிக்கை வந்தது. அகராதி அம்மாவுக்குக் குறிப்பாணை; மூன்று நாளில் தக்க விளக்கம் தராவிட்டால் பணிநீக்கம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம். அவர் அந்தத் தாளை நான்கு முறை படித்தார், இழுப்பறையில் வைத்தார், திரும்பவும் எடுத்துப் படித்தார். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். எங்களில் ஒருவருக்குக்கூட எழுந்து போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.

உங்களுக்கு ஓய்வு பெற இருபத்திரண்டு நாள் இருந்தது. சும்மா இருந்திருந்தால் அது பாட்டுக்கு ஓடிப் போயிருக்கும். நீங்கள் பென்சில் பிரதியைத் தேடி எடுத்துக்கொண்டு செயலாளரின் அறைக்குப் போனீர்கள். கோப்பு கொடுக்கிற சாக்கில் எங்களில் இருவர் பின்னாலேயே வந்தோம். அதனால் நடந்தது எங்களுக்கு எழுத்துக்கு எழுத்து தெரியும்.

"மொழிபெயர்ப்பு சரியா இருக்கு சார். தப்பு மூலத்துல இருக்கு. எழுதினது நான்" என்றீர்கள்.

"உங்களுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்றார் செயலாளர்.

"இருக்கு சார். அந்தம்மாவுக்கு இன்னும் பதினோரு வருஷம் இருக்கு."

"அந்த வார்த்தையை ஏன் போட்டீங்க? மேலேருந்து யாராவது போடச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல சார். கொள்கைக்கு எதுகையா வந்துச்சு. அதான் போட்டேன்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பெரிய அரசியல் கணக்கு இருக்கும் என்றுதான் ஊரே நம்பிக்கொண்டிருந்தது. கணக்கே இல்லை. காதுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அவரிடம் அனுமதி வாங்கி அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினீர்கள். மோனை இல்லாமல் நீங்கள் எழுதி நாங்கள் பார்த்த முதல் கடிதம் அது. அது அரசின் கொள்கை அல்ல, ஓசைக்காக நான் சேர்த்த சொல், மன்னியுங்கள் என்று மூன்று வரி. அகராதி அம்மாதான் பெயர்த்தார். நான்காம் நாள் பதில் வந்தது: "அது கொள்கையாக இருந்திருந்தால் படித்துப் பார்த்து, இருப்பதா போவதா என்று நாங்கள் முடிவு செய்திருக்க முடியும். ஓசைக்காகச் சொன்னது என்கிறீர்கள். எங்களுக்கு அதிகப் பயம் தருவது அதுதான். முப்பது ஆண்டுக் குத்தகையை நாங்கள் எந்த ஓசையை நம்பி எழுதுவது?" அன்று நீங்கள் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள்.

அன்று மாலை உங்கள் தெருமுனை மளிகைக்கடையில் நடந்ததை மறுநாள் நீங்களே எங்களிடம் சொன்னீர்கள். கடைக்காரர் அந்த மாநாட்டுக்குப் போனவர். "அந்த வரிக்கு கை வலிக்கத் தட்டினேன் சார். இப்ப என்னடான்னா என் மக அழுதுட்டிருக்கா. கட்டப்போற அந்தக் கிடங்குல மேற்பார்வை வேலைக்கு அவளை முன்கூட்டியே எடுத்திருந்தாங்களாம். எனக்குத் தெரியாமலே எழுதிப் போட்டிருக்கா" என்றாராம். வரியை எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னீர்கள். அவர் நீங்கள் கேட்ட சோப்பை எடுத்து வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டாராம். மந்திரி அதே வரியை அதற்குள் இன்னும் மூன்று கூட்டங்களில் பேசிவிட்டார். மொழிபெயர்ப்புப் பிழை என்று அறிக்கை விட்ட பிறகும் பேசினார். கைதட்டல் இன்னும் விழுகிறது.

அந்த வரி தப்பு. உங்களைப் பாராட்ட வேண்டும் என்பதற்காக அதைப் பூசி மெழுக மாட்டோம். நீங்களும் அதை விரும்பமாட்டீர்கள். ஆனால் முப்பத்தோராண்டில் இந்தக் கட்டடத்திலிருந்து வெளியே போன பிழைகள் எத்தனையோ. ஒன்றுக்காவது ஒருவர் எழுந்து நின்று ‘என்னுடையது’ என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அதைக் கேட்ட அதிர்ச்சியிலிருந்தும் நாங்கள் இன்னும் மீளவில்லை.

நேற்று அகராதி அம்மாவின் குறிப்பாணை ரத்தானது. அதே குறிப்பாணை, பெயர் மட்டும் மாறி, உங்களுக்கு வந்தது. ஓய்வு உண்டு, விசாரணையும் தொடரும். இன்று காலை சுற்றறிக்கையும் வந்துவிட்டது: விசாரணையில் இருப்பவருக்கு அரங்கில் விழா கூடாது, மடல் வாசிக்கக் கூடாது, மீறுவோர்மீது நடவடிக்கை. ஆகவே மூன்றாம் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலி போதாமல் நின்றபடியே இதை வாசிக்கிறோம்.

ஐயா, உடம்புக்கு ஒன்றும் வராமல், படுத்தவுடன் தூக்கம் வந்து, இனி யாருக்காகவும் கைதட்டல் தேடாமல் நெடுநாள் இருங்கள். விசாரணைக்குக் கூப்பிடும்போது தனியாகப் போகாதீர்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இந்த மடலை எழுதியது யார், வாசித்தது யார் என்று நாளை கேட்பார்கள். ‘பணியாளர்கள்’ என்று பொதுவாகப் போட்டுவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒவ்வொருவரும் பதவியையும், பணியில் இன்னும் எத்தனை ஆண்டு மீதி என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம்.

கோப்பு எழுத்தர், பதினேழு ஆண்டு.

தட்டச்சர், ஒன்பது ஆண்டு.

அச்சுப்படி திருத்துநர், நான்கு ஆண்டு.

பதிவறைக் காப்பாளர், இருபத்தாறு ஆண்டு.

மொழிபெயர்ப்பாளர், பதினோரு ஆண்டு. எழுதியதும் வாசித்ததும் நான்.