பதினெட்டு கிலோ

— ஜெகதீஷண்ணே, தார்ப்பாய் கட்டாத! லாரியை நிறுத்து!

— இன்னா சசி, காலங்காத்தால? செம்பரம்பாக்கம் ஏரியில கிளப்காரங்க காத்துக்கினு கீறாங்க. லேட்டானா சூப்பர்வைசர்கிட்ட எனக்கில்ல ஏச்சு வுழும்!

— வுழட்டும். போன வாரம் சும்மா ஷோவுல வைக்கன்னு செஞ்ச கயாக் போட்டு இந்த லோடுல கலந்துடுச்சு.

— எது, முதலாளி ஒத்தக் கையால தூக்கிக் காட்டினாரே, அதுவா?

— அதேதான். லேசா வரணும்னு அடியில ஃபைபர் துணியே வைக்கல. வெறும் நார் மேட்டும் ரெசின் பசையும்தான். ஆளு ஏறினா நடுவுல முறிஞ்சிடும்.

— எல்லாம் ஒரே மஞ்சக் கலரு. எதுன்னு எப்டிக் கண்டுபுடிப்ப?

— எடை போட்டுத்தான். நல்லது இருபத்திரண்டு கிலோ, அது பதினெட்டு. கிளப்காரங்களுக்கு ஏறி ஓட்டிக் காட்டப் போறது என் தம்பி சிவசங்கர்ண்ணே. துடுப்பு போடுவானே தவிர, நீச்சல் அரைகுறை.

— கத்தாத, தராசுக் கொக்கியில மாட்டறேன். தோ... பதினெட்டு! பார்த்தியா, என் கை பட்டதும் ஆப்ட்டுக்கிச்சு.

— இரு. அடுத்ததையும் மாட்டு.

— அதான் கெடைச்சிடுச்சே... இதுவும் பதினெட்டு.

— மூணாவது?

— பதினெட்டுதான். தராசு துருப்புடிச்சு கீது சசி.

— அந்த இருபது கிலோ எடைக்கல்லை மாட்டு.

— முள்ளு சரியா இருபதுல நிக்குது.

— அண்ணே... பொண்ணுங்க எல்லாரும் ஆணியில தொங்கற அளவு அட்டைங்கள வச்சுத்தானே ஒவ்வொரு பீஸா வெட்டுவாங்க?

— ஆமா. அட்டையில்லாம இங்க எவ கத்திரியைத் தொடுவா?

— ஷோ போட்டுக்கு வேணாம்னு துணி அட்டையைக் கழட்டி பீரோ மேல வச்சேன். திரும்ப மாட்டல.

— அடிப்பாவி! அதான் பொண்ணுங்க துணியே வெட்டலயா? ரெசின் மிச்சமாச்சுன்னு முதலாளி ஜிலேபி வேற வாங்கித் தந்தாரு. நானும் தின்னேன்.

— போவட்டும், லாரி கெளம்பல இல்ல? எல்லாத்தையும் கீழ எறக்கு. தம்பி மத்தியானந்தான் ஏரிக்குப் போவான்.

— நேத்து நீ லீவுல இருந்தப்பவே இதே லோடுலேர்ந்து ஆறு போட்டை ஏரிக்கு அனுப்பிட்டேன் சசி. உன் தம்பி விடிஞ்சதுலேர்ந்து தண்ணியிலதான் கீறான்.