உருளாத கார்

கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறியபோது இடம் கிடைக்கவில்லை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்துச் சீட்டில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“வவுனியாவிலயிருந்து கண்டி வரைக்கும் அண்ணாவின்ர காரில ஸ்டியரிங்குக்கு முன்னால இருந்து வந்தனான், நானா. ஒரு சில்லும் உருளேல்லை.”

நானா என்று அழைக்கப்பட்ட, தொப்பி போட்டிருந்த முஸ்லிம் பெரியவர் திரும்பிப் பார்த்தார். “வெளங்கல்லியே, மாஸ்டர்.”

“மரக்கறி இறக்கிப்போட்டு வெறுமையாத் திரும்பின லொறியில காரை ஏத்தினது. தனி லொறி பிடிக்க வசதியில்லை. காரின்ர ஹாண்ட்பிரேக் பிடிக்காது, ஆரும் உள்ளுக்க இருந்து பிரேக்கை மிதிச்சுக்கொண்டு வந்தால்தான் ஏத்துவன் எண்டான் லொறிக்காரன்.”

“அண்ணனைப் பத்தி ஏதும் தெரிஞ்சதா?”

“ரெண்டு வருசமா ஒண்டும் இல்லை. கார் மட்டும் கதவு திறந்தபடி ரோட்டில நிண்டதாம்.”

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் பஸ்ஸை மறித்தார்கள். மாஸ்டர் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“வழியில ஒரு செக்பொயின்ட்ல ஆமிக்காரன் ஒருத்தன் லொறியில ஏறிக் காரின்ர முன்பக்கத்தை மூடியிருந்த படங்கை விலத்தினான். முன் மட்கார்டில ஒரு நெளிவு இருக்கு. அதைத் தடவிப் பார்த்தான். பிறகு என்ர முகத்தைப் பார்த்தான். ‘இந்தக் காரை முந்தியும் நான் மறிச்சிருக்கிறன். அண்டைக்கு ஓட்டினது நீ இல்லையே’ எண்டு சிங்களத்தில சொன்னான்.”

“யா அல்லாஹ். அவர் எங்கன்னு கேட்டீங்களா?”

ஒரு சிப்பாய் பஸ்ஸுக்குள் ஏறினான்.

“கேக்கேல்லை” என்றார் மாஸ்டர். அவருடைய வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.