சிலுப்பாத கிடா

எழுபதுகளில், படப்பையிலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் மடியில் தவிட்டு மூட்டை.

"எங்க கிடா இந்த வருஷமும் சிலுப்பலக்கா."

"ஐயோ, அம்மனுக்கு நேர்ந்து வுட்டதாச்சே!"

"மஞ்சத்தண்ணி ஊத்துனா உடம்பைச் சிலுப்பணும். அப்பதான் அம்மன் உத்தரவுன்னு வெட்டுவாங்க. இது மரமாட்டம் நிக்குது."

"உன் வூட்டுக்காரரு இன்னா சொல்றாரு?"

"கிடா ஊர்ல ஒருத்தர் தோட்டத்தை வுடாம மேயுது, தெனம் சண்டைன்னு பொலம்பறாரு. அம்மனுக்கு நம்ம மேல கோவமோன்னு பயம் வேற."

"அம்மனுக்கு மனசு வரல போல."

கண்டக்டர் தாம்பரம் என்று கத்தினார். சின்னவள் மூட்டையோடு எழுந்தாள். குரல் தாழ்ந்தது.

"எனக்குத்தான் மனசு வரலக்கா. குட்டியிலேர்ந்து தெனம் குடம் குடமா தண்ணி ஊத்தி, சிலுப்பாம நிக்கப் பழக்கி வச்சிக்கீறேன்."