கேட்டுவிட்டு ஜெபித்த செவிலியர் ஏஞ்சல்

இன்று 2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. மாலை நான்கு மணி பத்து நிமிடம். உட்கார்ந்திருப்பவர்கள் நூற்று இருபது பேர், நின்றுகொண்டிருப்பவர்கள் தொண்ணூற்று நான்கு பேர். எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன். சும்மா இருக்க முடியவில்லை.

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அருணகிரி அண்ணன் அவர்களே, ஏஞ்சல் அக்காவின் கணவர் அன்புராஜ் அண்ணன் அவர்களே, அவர்கள் சபையின் பாஸ்டர் ஐயா அவர்களே, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்கும் முதல் ஷிஃப்ட் தோழர்களே! நான் பரத், இந்தக் கம்பி ஆலையின் பராமரிப்புப் பொறியாளர். எனக்கு மேடைப் பேச்சு வராது.

நம் முதலுதவி அறையின் செவிலியர், சகோதரி ஏஞ்சல், திங்கட்கிழமை இறந்துவிட்டார். எங்கே போய்ச் சேர்ந்தார் என்று சொல்ல எனக்கு நம்பிக்கையும் இல்லை, தகுதியும் இல்லை. இறந்தார் என்பது தெரியும். பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

படத்துக்கு ஏன் மாலை இல்லை, விளக்கு இல்லை என்று பின்வரிசையில் முணுமுணுக்கிறீர்கள். அவர்கள் சபையில் அந்த வழக்கம் கிடையாது. அன்புராஜ் அண்ணன் வேண்டாம் என்றார். மாலை வாங்கி வந்தவர்கள் வருத்தப்படாமல் அந்த மேசையில் வையுங்கள். அக்கா இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

நம்மில் யார் அந்த அறைக்குள் ரத்தத்தோடு போகவில்லை? யார் காதில் அந்தக் கேள்வி விழவில்லை? கட்டுப் போட்டு முடித்ததும் கேட்பார்: "ஜெபம் பண்ணட்டுமா?" சரி என்றால் கண்ணை மூடுவார். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவார். முகம் மாறாது. கை கனக்காது. அடுத்த நாள் கட்டு மாற்றும்போதும் அதே கை!

நான் கையைச் சுட்டுக்கொண்டு போனபோது கேட்டார். "வேணாம்க்கா, எனக்கு நம்பிக்கை இல்ல, மருந்து போட்டா போதும்" என்றேன். "சரி தம்பி, வேணாம்னா வேணாம். கையக் காட்டு." இரண்டாம் முறை போனேன், மறுபடி கேட்டார். எனக்கு எரிச்சல். "போன தடவயே சொன்னேனே!" என்றேன். "அது போன தடவ. நீ மனசு மாறிக்கினு வந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

நம் குணாளன் ஒருநாள், "பண்ணுக்கா, நல்லா நீட்டாப் பண்ணு, அப்பிடியே அரை நாள் லீவுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடு" என்று கண்ணை இறுக மூடி உட்கார்ந்தான். "இன்னாடா பேரம் பேசினுகீற? லீவு காயத்துக்குத்தான், ஜெபத்துக்கு இல்ல. எழுந்து போ!" என்று விரட்டினார் அக்கா. சிரிக்கலாம் குணாளன், பரவாயில்லை.

அதே சமயம் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவரும் இல்லை. சுப்பிரமணி அண்ணனின் காலில் பழுக்கக் காய்ந்த கம்பி பாய்ந்த அன்று, அவர் மனைவி அங்காளம்மாள் அக்கா திருநீறு மடித்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "நீயே வச்சு வுடும்மா, என் கை நடுங்குது" என்று நீட்டினார். ஏஞ்சல் அக்கா வாங்கவில்லை. "எங்கையால வெக்க மாட்டேன்மா, எனக்கு அது ஒப்பாது. நீங்க வைங்க, நான் புடிச்சிக்கிறேன். நெத்தியில வைங்க, காயத்துல மட்டும் வேணாம்." நடுங்கிய கையின் மணிக்கட்டைப் பிடித்து நெற்றிவரை கொண்டுபோனவர் அவர்தான். அங்காளம்மாள் அக்கா அதோ நிற்கிறார், கேட்டுப் பாருங்கள்!

அவர் சபைக்காரர்கள் அந்த அறையில் துண்டுப் பிரசுரம் வைக்கக் கேட்டபோதும் மறுத்தார். பாஸ்டர் ஐயாவுக்குத் தெரியும். "இங்க வர்றவன் எழுந்து ஓட முடியாதவன் ஐயா. ஓட முடியாதவன்கிட்ட நான் பேசினா அது ஆண்டவருக்குச் சாட்சி சொல்றது இல்ல, புடிச்சு வெக்கிறது" என்றாராம்.

கேன்டீனில் அவர் ஜெபித்தபோது மரியாதைக்காக நானும் ஒருமுறை கண்ணை மூடினேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "பரத்து, எனக்காக நீ நடிக்க வேணாம். பசிச்சா சாப்புடு."

இனி திங்கட்கிழமை. நான் அந்த அறையில் ஃபேன் ரெகுலேட்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவரே சொன்னார், நான் செய்தேன். ஆஸ்பிரினை மென்று தின்னக் கொடுத்தேன், சாய்த்து உட்கார வைத்தேன், ஆக்சிஜன் திறந்தேன். எனக்கு வால்வு திறக்கத் தெரியும், அழுத்தம் பார்க்கத் தெரியும். 108 வந்தது. கூடவே ஏறினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கவரைப்பேட்டை தாண்டும்போது அவருக்குப் பேச்சு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை. அவருடைய கேள்வியையே நான் கேட்டேன்: "அக்கா, ஜெபம் பண்ணட்டுமா?"

சரி என்று தலையை ஆட்டினார்.

ஆட்டிவிட்டாரே! நான் என்ன செய்வேன்? அன்புராஜ் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில், கிரேன் கேபினில். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. சரியான விதி, நானும் அதைத்தான் போடுவேன். அடித்து அடித்து நின்றது. சபை நம்பர் என்னிடம் இல்லை. ஆம்புலன்சில் இருந்த மருத்துவ உதவியாளர் இளமதியைக் கேட்டேன். "எனக்கு எங்க அம்மன் பாட்டுதான் சார் தெரியும், பாடட்டுமா?" என்றது அந்தப் பெண், கண் கலங்கி. அக்கா கேட்டது அது இல்லையே! தெரியாததைத் தெரிந்ததுபோல் நான் சொன்னால், ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பாரே!

கடைசியில் சொன்னேன்: "ஏஞ்சல் அக்காவோட ஆண்டவரே, நான் உங்கள நம்பல. இவங்க நம்புறாங்க. இவங்களப் பாத்துக்கோங்க." அவ்வளவுதான் வந்தது.

அக்கா காதில் அது விழுந்ததா? தெரியாது. கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. அது ஜெபம்தானா என்று பாஸ்டர் ஐயாவிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டார். ஐயா, மன்னியுங்கள், எனக்கு ஆறுதல் வேண்டாம், பதில்தான் வேண்டும். உங்களிடமும் இல்லை என்றால் நான் எங்கே போய்க் கேட்பேன்?

அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்ல வேண்டிய இடம் இது. அந்தப் பணி எனக்கு வராது. வருவதைச் சொல்கிறேன்:

1. கூட்டம் முடிந்ததும் ஆக்சிஜன் சிலிண்டரை மாற்றுவேன். திங்களிலிருந்து காலியாகக் கிடக்கிறது. யாரும் பார்க்கவில்லை, நானும்.

2. புதிய செவிலியர் வரும்வரை ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருவருக்கு முதலுதவிப் பயிற்சி. குணாளன், நீ முதல் ஆள்.

3. உங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து கேட்பேன்: கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் வேண்டும்? பாஸ்டரா, பூசாரியா, பள்ளிவாசல் இமாமா? நம்பர் வாங்கி வைப்பேன். யாரும் வேண்டாம் என்றால் வேண்டாம்.

4. கிரேன் கேபினில் இருப்பவருக்குச் சேதி போய்ச் சேர என்ன வழி என்று அன்புராஜ் அண்ணனோடு உட்கார்ந்து யோசிப்பேன். இனி அது அவருக்கு உதவாது. தெரியும்.

5. அந்தத் தலையசைப்புக்கு நான் சொன்னது போதுமா என்று அண்ணனிடம் கேட்பேன். இன்னும் கேட்கவில்லை. இப்போது இறங்கி வருகிறேன் அண்ணே.